சுத்தியல் படுக்கும் நேரம்

மணி இரண்டு பத்து. பட்டறையில் சுத்தியல்கள் படுத்தாயிற்று. ஒவ்வொருவனும் தன் சுத்தியலைக் கோணிச் சாக்கின் மேல் சத்தம் வராமல் கிடத்திவிட்டு, பட்டி பூசவோ உப்புத்தாள் தேய்க்கவோ நகர்ந்துவிட்டான். கரூரில் பஸ்ஸுக்கு பாடி கட்டுகிற வேறெந்தப் பட்டறையிலும் இல்லாத வழக்கம் இது. மற்ற இடமெல்லாம் காது கிழியும்; இங்கே இரண்டிலிருந்து மூன்று வரை ஒரு ரிவெட்டுகூட அடிக்கக் கூடாது, ஏனென்றால் முதலாளி லோகநாயகி அக்கா ஆபீஸ் ரூமில் மேசை மேல் தலை சாய்த்துத் தூங்குகிற நேரம் அது. யாரும் எழுதி ஒட்டிய சட்டம் இல்லை. பதினோரு வருசமாக நடக்கிறது, அவ்வளவுதான். அந்த அமைதிக்குள், பாதி கட்டிய பஸ் ஒன்றின் படிக்கட்டில், மடியில் பிளாஸ்டிக் கவரோடு உட்கார்ந்திருந்தான் சென்னியப்பன். முப்பத்தொன்பது வயசு, பதினேழு வருசமாக இதே பட்டறையில் டிங்கர். தகரத்தை வெட்டி, வளைத்து, தட்டி நெளிவெடுத்து பஸ்ஸுக்குத் தோல் போர்த்துகிறவன். கவருக்குள் ஒரே ஒரு தாள். அதில் அக்காவின் கையெழுத்தும் சீலும் விழ வேண்டும். விழுந்தால் ஆஸ்திரேலியா விசாவுக்கு வழி திறக்கும், விழாவிட்டால் இல்லை. இதைக் கேட்பதற்கு எவ்வளவு நேரமாகும்? அரை நிமிசம். அந்த அரை நிமிசத்தைத்தான் அவன் இருபத்தேழு நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறான்.

இன்று இருபத்தெட்டாவது நாள். கடைசி நாள். காலையில் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போதே கோயமுத்தூரிலிருந்து பெனிட்டா கூப்பிட்டுவிட்டாள். விசா வேலை பார்த்துக் கொடுக்கிற ஆபீஸில் இவன் ஃபைல் அவள் கையில்தான் இருக்கிறது. வயசில் சின்னவள், பேச்சில் டீச்சர். “அண்ணா, நாலு மணிக்குள்ள லெட்டர் வரலைன்னா உங்க ஃபைலை மூடிடுவாங்க. மறுபடி முதல்லேருந்து போடணும். அதுக்குள்ள உங்களுக்கு நாப்பது வந்துடும், வயசுக்குக் குடுக்கற மார்க் குறைஞ்சிடும். அப்புறம் அவ்ளோதான்.” அவ்ளோதான் என்று சொல்லிவிட்டு அடுத்த கஸ்டமருக்குப் போய்விட்டாள், இவன் வாயில் நுரையோடு நின்றான். சரி, மூன்று மணிக்கு அக்கா எழுந்ததும் கேட்டுக்கொள்ளலாம் என்றால் அதற்கும் வழியில்லை. மூன்று மணிக்குத் தாராபுரத்துக்காரர் வருகிறார், முடித்து நிறுத்தியிருக்கிற பஸ்ஸை எடுத்துப்போக. பூசாரி, கற்பூரம், பூசணிக்காய், டயருக்கு டயர் எலுமிச்சம்பழம், ஒரு வேன் நிறைய அவர் வீட்டுப் பெண்கள். அந்தக் கூட்டத்தில் அக்காவைத் தனியாகப் பிடிக்க ஆறு மணியாகிவிடும். ஆக, இந்த ஐம்பது நிமிசம்தான் மிச்சம். அதுவும் அக்கா தூங்குகிற ஐம்பது நிமிசம். அட கெரகமே, இருபத்தேழு நாளில் எத்தனை காலை, எத்தனை சாயங்காலம் இருந்தது! ஒரு நாள் டீயைக் கொண்டுபோய் மேசை மேல் வைத்துவிட்டு நின்றான். “என்றா கண்ணு, ஏதோ சொல்ல வந்தாப்ல இருக்குது?” என்று அக்காவே கேட்டாள். “ஒண்ணுமில்லீங்க்கா, வெள்ளை பெயின்ட் தீந்துபோச்சு” என்றான். பெயின்ட் தீரவே இல்லை. மறுநாள் அக்கா பெயின்ட் வாங்கிப் போட்டுவிட்டாள். உடைக்காத அந்த டின் இதோ மூலையில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

என்ன பெரிய விஷயம், ஒரு கடிதம்தானே? கடிதம்தான். ஆனால் அக்கா முதலில் எழுதிக் கொடுத்த கடிதம் இருக்கிறதே, அதுதான் வினை. வேலைச் சான்று வேண்டும் என்று மூன்று மாசத்துக்கு முன்னால் கேட்டபோது அக்கா ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. இவனை விட்டால் பட்டறையில் வளைவுத் தகரம் எடுக்க ஆள் இல்லை என்று தெரியும், தெரிந்தே “போயிட்டு வா, நல்லா இரு” என்றாள். ஆடிட்டரிடம் மூன்று தடவை போய் உட்கார்ந்து இங்கிலீஷில் எழுதவைத்து, லெட்டர்ஹெட்டில் அடித்து, ஒரு வெள்ளிக்கிழமையாகப் பார்த்து, தாளின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, பூப் போட்ட தட்டில் வைத்துக் கொடுத்தாள். கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது. சென்னியப்பன் அதை எடுத்துக்கொண்டு தண்ணி டேங்கர் நிற்கிற சந்துக்குப் போய் எழுத்துக் கூட்டிப் படித்தான். சென்னியப்பன், ஜெனரல் மேனேஜர். பட்டறையின் முழுப் பொறுப்பும் இவருடையது. என் கணவர் இறந்த பிறகு இந்த நிறுவனம் நின்றது இவரால்தான். படித்துவிட்டு அந்தச் சந்திலேயே அழுதான், ஆம்பிளை மூக்கைச் சிந்திக்கொண்டு. வீட்டுக்குப் போய் மனைவி கோகிலாவிடம் காட்டினான், அவளும் அழுதாள், அழுதுகொண்டே “மேனேஜர் சார், சாப்பாடு போடட்டுங்களா” என்றாள். அந்தச் சந்தோசத்தில் யார் யோசித்தார்கள், விசாவுக்கு மனு போட்டிருப்பது தகர வேலைக்காரன் என்றுதான், மேனேஜர் என்று இல்லை என்பதை? பெனிட்டாவும் அவசரத்தில் அப்படியே அனுப்பிவிட்டாள். வேலையை மதிப்பிடுகிற அந்த ஊர் ஆபீஸ்காரர்கள் ஒழுங்காகப் படித்திருக்கிறார்கள். மனுவில் தகரம், கடிதத்தில் மேனேஜர். எது நிஜம், இருபத்தெட்டு நாளில் சொல்லு என்று கேட்டுவிட்டார்கள். “அப்புறம் இந்த மூலையில மஞ்சளா இருக்கே, இது என்ன கறைண்ணா?” என்று பெனிட்டா கேட்டாள். கறையா! அது அக்காவின் கை என்று எப்படிச் சொல்வது? ஒண்ணுமில்லைம்மா, நல்ல நாளுக்கு வைக்கறது என்று சொன்னான்.

இப்போது போய் அக்காவிடம் என்ன சொல்வது? நீங்கள் தந்த பட்டம் எனக்கு வேண்டாம், வெறும் டிங்கர் என்று எழுதிக் கொடுங்கள். அப்படிச் சொன்னால் அந்த முகம் எப்படி ஆகும்? பொன்னாடை போர்த்திய கையிலேயே அதைக் கழற்றிக் கொடுக்கிற மாதிரி இல்லையா? அக்கா ஒன்றும் சொல்ல மாட்டாள். சரிடா கண்ணு என்று கையெழுத்துப் போட்டுவிடுவாள். அதுதான் பயம். திட்டினால்கூடத் தாங்கலாம். அக்காவுக்கு அவன் ஒரு தடவைகூட நன்றி என்று சொன்னதில்லை, அது இப்போது வந்து குத்துகிறது. நம் ஆட்கள் யார் யாருக்கு நன்றி சொல்கிறோம்? மேடையில் சொல்வார்கள், மைக் பிடித்து. வீட்டில் சோறு போடுகிறவளுக்கா சொல்கிறோம்? சொன்னால் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள், காய்ச்சலா என்று. ஆனால் இங்கிலீஷ் பரீட்சைக்குப் படிக்கும்போது கோகிலா அவனைப் போட்டு எடுத்துவிட்டாள். தண்ணீர் கொடுத்தால் தேங்க்யூ, துண்டு எடுத்துக் கொடுத்தால் தேங்க்யூ, தேங்க்யூ சொல்லாவிட்டால் தோசை தட்டுக்கு வராது. நாலாம் வகுப்பு படிக்கிற மகள் தாரணிக்கு அது ஒரே கொண்டாட்டம். அப்பா, நான் உன்னை மிதிச்சுட்டேன், தேங்க்யூ சொல்லு என்பாள். நாலு மாசம். கோகிலா பகலெல்லாம் டெக்ஸ்டைல் கம்பெனியில் திரைச்சீலை மடித்துவிட்டு வந்து, கண்ணில் தூக்கம் சொக்கச் சொக்க அவனுக்குக் கேள்வி கேட்டாள். வாட் டூ யூ டூ ஃபார் எ லிவிங்? ஐ பீட் மெட்டல். தப்பு, ஒழுங்கா சொல்லு மாமா. பரீட்சையில் தேறிய அன்று அவளைப் பார்த்து ஏதோ சொல்ல வேண்டும் என்று தொண்டைவரை வந்தது, வெளியே வந்தது ‘புளி இருக்குதா, ரசம் வெய்யி’ என்பதுதான். எத்தனை பேர் தூக்கிவிட்டுத்தான் ஒருத்தன் இந்தப் படிக்கட்டில் வந்து உட்காருகிறான்!

பயம் வேறு இருக்கிறது, இல்லாமலா. இந்த விசாவில் சிட்னி மெல்போர்ன் எல்லாம் கிடையாது; பெரிய பட்டணத்துக்கு வெளியே, ஆள் குறைந்த ஊர்ப்பக்கம்தான் இருக்க வேண்டும், வேலையும் அங்கேதான். கோகிலாவுக்கு இது தெரிந்த அன்று இடுப்பில் கை வைத்தாள். “ஊரெல்லாம் ஆஸ்திரேலியா ஆஸ்திரேலியான்னு சொல்லிப்போட்டு, கடைசில வெள்ளைக்காரன் பட்டிக்காட்டுக்கா கூட்டிட்டுப் போறே?” வேலை தருகிறேன் என்று எழுதியிருக்கிற கம்பெனி ஆடு ஏற்றுகிற டிரெய்லர் கட்டுகிறது. லாரிக்குப் பின்னால் மாட்டுகிற மூணடுக்கு வண்டி, அடுக்குக்கு அடுக்கு ஆடு. “பதினேழு வருசம் மனுசனுக்குப் பஸ் கட்டுனது பத்தாதுன்னு இனி ஆட்டுக்குக் கட்டப் போறாரு எங்க வீட்டு மேனேஜரு” என்று அக்கம்பக்கத்தில் எல்லாம் சொல்லிச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே கறிவேப்பிலைச் செடி கொண்டுபோக விடுவார்களா என்று பெனிட்டாவிடம் கேட்கச் சொன்னாள். விட மாட்டார்களாம். அந்த ஊரின் படத்தை அவன் போனில் நூறு தடவை பார்த்திருப்பான். நேராக ஒரு ரோடு, ரோட்டோரம் ஒரு பெட்ரோல் பங்க், பின்னால் கோதுமை கொட்டி வைக்கிற உருண்டைக் கட்டிடங்கள், அதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லை, வானம்தான். படத்தில் ஒரு மனுசன் இல்லை. யாராவது ரோட்டைக் கடக்க மாட்டார்களா என்று விரலால் பெரிசு பண்ணிப் பண்ணிப் பார்ப்பான். அங்கே தாரணிக்குக் காய்ச்சல் வந்தால்? தனக்கு ஒன்று ஆனால் கோகிலா யார் வீட்டுக் கதவைத் தட்டுவாள்? பேசாமல் இந்தக் கவரைக் கிழித்துப் போட்டுவிட்டுச் சுத்தியலை எடுத்தால் என்ன? மூன்று மணிக்கு எலுமிச்சம்பழம் நசுங்கும், பஸ் கிளம்பும், நாளைக்கு அடுத்த சேஸிஸ் வந்து நிற்கும். நிற்கும், அதுவும் கிளம்பும். இதுவரைக்கும் நானூறு பஸ்ஸுக்கு மேல் தட்டியிருக்கிறான். அவையெல்லாம் பெங்களூர் போகின்றன, திருப்பதி போகின்றன, மூணாறு மலை ஏறுகின்றன. அவன் தட்டிய தகரம் பார்க்காத ஊர் இல்லை. அவன் மட்டும் ஒவ்வொன்றையும் வாசல்வரை அனுப்பிவிட்டு உள்ளே திரும்பி வருகிறான். ஒரே ஒரு தடவை தானும் ஏறிப் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஆசை, வேறென்ன. ஆசைப்படுகிற வயசா என்றால், அதற்கும் அடுத்த மாசம் வரைக்கும்தான் மார்க் போடுகிறார்கள்.

மணி இரண்டு முப்பத்திரண்டு. எழுந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு, தரையில் கிடந்த தகரத் துண்டுகளை மிதிக்காமல் ஆபீஸ் ரூம் வரைக்கும் நடந்தான். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தான். அக்கா இடது கையை மடித்து அதன் மேல் கன்னத்தை வைத்திருந்தாள், மூக்குக் கண்ணாடி போன் பக்கத்தில் கிடந்தது, டேபிள் ஃபேன் நரைமுடியை ஒரு பக்கமாகத் தள்ளித் தள்ளிவிட்டது. சுவரில் அக்காவின் வீட்டுக்காரர் ரத்தினசாமி அண்ணன் போட்டோ. கதவில் விரல் கணுவை வைத்தான், அடிக்க மனசு வரவில்லை. எப்படி வரும்? இந்தத் தூக்கத்தைக் காவல் காக்க ஆரம்பித்ததே அவன்தான். அண்ணன் போன பதினாறாம் நாள் அக்கா பட்டறையைத் திறந்தாள். விற்றுவிடுவாள் என்றுதான் ஊரெல்லாம் பேசிக்கொண்டார்கள். சொந்தக்காரர்கள் ஆள் கூட்டி வந்து காட்டவும் செய்தார்கள். அக்கா யாரிடமும் பேசாமல் வந்து அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தாள். ராத்திரியெல்லாம் தூங்காத கண். மத்தியானம் இரண்டு மணிக்குத் தலை மேசையில் சரிந்தது. அதைப் பார்த்தது சென்னியப்பன் ஒருத்தன்தான். ரெண்டு கையையும் தூக்கி, நிறுத்துங்க நிறுத்துங்க என்று சைகை காட்டினான். பதினாலு சுத்தியலும் அப்படியே நின்றது. அந்த அமைதியில் அக்கா ஒரு மணி நேரம் அசையவில்லை. அப்பாடா, தூங்கட்டும் என்று எல்லாருக்கும் ஒரு நிம்மதி. மறுநாளும் நிறுத்தினார்கள், அதற்கு மறுநாளும். அண்ணன் இருந்தவரை பட்டறை ஆட்களோடு பேசவே கூசிய அக்காவுக்கு அவர்கள் கொடுக்க முடிந்தது அந்த ஒரு மணி நேரம்தான். அதைப் போய் இன்றைக்குத் தன் காரியத்துக்காக, அதுவும் விட்டுவிட்டுப் போகிற காரியத்துக்காக, டக் டக்கென்று தட்டி உடைப்பதா? விரலை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தான்.

சீட்டு தைக்கிற ஜமால் பாய் ரெக்சின் துணியை மடியில் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஆளுக்கு விஷயம் தெரியும். பட்டறையில் அக்காவைத் தவிர எல்லாருக்கும் தெரியும். என்னாச்சு என்று புருவத்தால் கேட்டார். இவன் உதட்டைப் பிதுக்கினான். “போய் எழுப்புப்பா, தூக்கம் நாளைக்கும் வரும்” என்று வாய்க்குள்ளேயே சொன்னார். “நீங்க எழுப்புங்களேன் பாய்” என்றான். பாய் ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்துவிட்டார். நல்ல ஆள். மறுபடி பஸ் பக்கம் வந்தான், படிக்கட்டில் உட்காராமல் பின்சக்கரத்து வளைவுப் பக்கம் நின்றான். அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அக்கா, ஒரு சின்ன விஷயம். அக்கா, நீங்க குடுத்தது பெரிய கௌரவமுங்க, ஆனாலும் பாருங்க. ஆனாலும் என்று வந்துவிட்டால் முன்னால் சொன்னதெல்லாம் போச்சு. ஆனாலும் இல்லாமல் சொல்ல வேண்டும். பெனிட்டா அடித்துக் கொடுத்த புதுத் தாளில் ஆனாலும் என்றெல்லாம் இல்லை, வரிசையாக வேலைதான் இருக்கிறது: தகரம் அளந்து வெட்டுவது, வளைப்பது, தட்டி நெளிவெடுப்பது, ரிவெட் அடிப்பது, வெல்டு வைப்பது. பதினேழு வருசம் பத்து வரிக்குள் வந்துவிட்டது, படிக்கும்போது அவனுக்கே சப்பென்று இருந்தது, இவ்வளவுதானா நான் என்று. அப்படித்தான், இவ்வளவுதான், இது போதும், இதை வைத்துத்தானே சோறு தின்றான், கோகிலாவைக் கட்டினான், கை பொய் சொல்லாது, மேனேஜர் என்று எழுதினால் நாளைக்கு அந்த வெள்ளைக்காரன் மேனேஜ் பண்ணு என்று சொன்னால் எதை மேனேஜ் பண்ணுவது, கை பாட்டுக்கு வளைவுத் தகரத்தைத் தடவிக்கொண்டிருந்தது, இதோ இங்கே ஒரு புடைப்பு, கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும், யார் தட்டினது இது, அவசரக்காரன், உள் பக்கம் இரும்புக் கட்டையைக் கொடுத்து மேலே லேசாக, ரொம்ப லேசாக, ஒரு அடி, பக்கத்தில் ஒரு அடி, கொஞ்சம் விட்டு ரெண்டு, அக்கா தப்பா எடுத்துக்காதீங்க, ஒரு அடி, நான் எங்க போனாலும் உங்க பட்டறை ஆளுதானுங்க, ரெண்டு, அந்த ஊரில் ஆட்டுக்குக் கட்டினாலும் இப்படித்தானே தட்டணும், ஆட்டுக்கு மட்டும் தகரம் குத்தலாமா, ஒரு அடி, அது அடங்குகிறது, வழிக்கு வருகிறது, இன்னும் ஒரு நாலு.

நிமிர்ந்து பார்த்தான். பட்டறையே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. பட்டி பூசுகிறவன் கை அந்தரத்தில் நின்றது, ஜமால் பாய் வாயைத் திறந்தபடி இருந்தார். கையில் சுத்தியல். எப்போது எடுத்தான், எவ்வளவு நேரமாகத் தட்டுகிறான், ஒன்றும் தெரியவில்லை. மணி இரண்டு நாற்பத்திரண்டு. சுத்தியலை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான், மாங்காய் திருடினவன் மாதிரி. பதினோரு வருசத்தில் அந்த ஒரு மணி நேரத்துக்குள் விழுந்த முதல் அடி அவனுடையது. பிறகு ஆபீஸ் கதவு திறந்தது.

அக்கா வாசலில் நின்றாள். கன்னத்தில் வளையல் பதிந்த தடம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பட்டறையை ஒரு சுற்றுப் பார்த்தாள், நேராக அவனிடம் வந்தாள்.

“ஏன்டா கண்ணு நிறுத்தீட்டே?”

“மன்னிச்சுக்குங்க்கா. தெரியாமத் தட்டிப்போட்டனுங்க. எந்திரிக்க வெச்சுட்டேன்.”

“நீ தட்டுனதுக்கு எவ எந்திரிச்சா? நிறுத்துனே பாரு, அதுக்குத்தான் முழிப்பு வந்துச்சு.” அக்கா ஒரு பெயின்ட் டின்னின் மேல் உட்கார்ந்தாள், உடைக்காத அந்த டின்தான். “எத்தனை வருசமாச்சுடா இப்படித் தூங்கி! கல்யாணமாகி வந்ததிலேருந்து பட்டறைக்கு மேல்வீட்லதான குடி. கீழ உங்க அண்ணன் தட்டிக்கிட்டே இருப்பாரு, மேல நான் தூங்கிக்கிட்டே இருப்பேன். அந்தச் சத்தம் இருந்தாத்தான் எனக்குக் கண்ணே சொக்கும்.”

சென்னியப்பனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. “அப்ப தெனமும் இந்த ரெண்டு மணிக்கு?”

“என்னத்தத் தூங்கறது. மொத நாளு ஏதோ அசதியில தலையச் சாச்சேன், பொசுக்குனு எல்லாச் சத்தமும் நின்னுபோச்சு. முழிச்சுட்டேன். கண்ணாடி வழியாப் பாக்கறேன், நீ ரெண்டு கையையும் தூக்கிட்டு நிக்கறே. எனக்காக நிறுத்தறானுங்களேன்னு அழுகை வந்துருச்சு. எந்திரிச்சா உங்க மனசு சங்கடப்படுமேன்னு கண்ண மூடிக் கெடந்தேன். அடுத்த நாளும் நிறுத்துனீங்க. அதுக்கப்புறம் எப்படிடா சொல்றது, எனக்கு இது வேண்டாம்னு? பதினோரு வருசமா மூணு மணி எப்ப ஆகும்னு படுத்திருக்கேன்.”

ஜமால் பாய்தான் முதலில் சிரித்தார், ரெக்சினால் வாயைப் பொத்திக்கொண்டு. பிறகு பட்டறை மொத்தமும் சிரித்தது. சென்னியப்பனும் சிரிக்கத்தான் பார்த்தான், கண் நிறைந்து எதிரே அக்கா ரெண்டாகத் தெரிந்தாள். எப்படிச் சொல்வது என்று பதினோரு வருசம் கிடந்திருக்கிறாள். தான் ஒரு இருபத்தேழு நாள் கிடந்ததற்கு என்னமோ பெரிசாக மலைத்துப்போனோமே என்று இருந்தது. கவரை எடுத்து நீட்டிவிட்டான். ஆனாலும் இல்லை, தப்பா எடுத்துக்காதீங்க இல்லை. “அக்கா, நீங்க மேனேஜர்னு எழுதிக் குடுத்தீங்க. அவங்களுக்கு மேனேஜர் வேண்டாமாமுங்க. டிங்கர்னு எழுதிக் குடுங்க. நாலு மணிக்குள்ள போகணும்.”

அக்கா தாளை வாங்கி உதடு அசையப் படித்தாள். வெட்டுவது, வளைப்பது, தட்டுவது. முகம் ஒரு நொடி வாடியது. அவன் பயந்தது அந்த நொடிக்குத்தான், அது வந்து போய்விட்டது. “மேனேஜர்னு இருந்தா நாற்காலி போட்டு உக்கார வெப்பாங்கன்னு நெனச்சேன்” என்றாள். “வெய்யில்ல நிறுத்தாம, மரியாதையா வெச்சுக்குவாங்கன்னு.” கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். “சுத்தியல் புடிக்கறவன்தான் வேணும்னு சொல்றாங்களா?”

“ஆமாங்க்கா.”

“அப்ப விவரமான ஊருதான். என்னைக்கு வந்துச்சு இந்தக் காயிதம்?”

“இருபத்தேழு நாளாச்சுங்க.”

“எரும! எரும மாடு! இருபத்தேழு நாளா வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தே?” திட்டிக்கொண்டே பெயின்ட் டின்னைத் தட்டிப் பார்த்தாள். “அட, அதுக்குத்தான் இந்த வெள்ளை பெயின்டா!” திட்டிக்கொண்டே உள்ளே போனாள், திட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டாள், சீலை இங்க் பேடில் ஒற்றி, வாயால் ஊதி, அழுத்திக் குத்தினாள். அண்ணன் போட்டோவுக்குக் கீழே இருந்த மஞ்சள் கிண்ணத்துக்குக் கை போனது. “காயிதத்துல வெக்கக் கூடாதாமுங்க” என்றான் பதறிக்கொண்டு. அக்கா தாளைக் கவருக்குள் போட்டு, கவரின் மேல் நாலு மூலையிலும் தடவினாள். “இதை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கல்ல?” என்றாள்.

மணி இரண்டு ஐம்பது. ஸ்கேன் எடுத்து பெனிட்டாவுக்கு அனுப்புகிற கடை பஸ் ஸ்டாண்டு முக்கில், பத்து நிமிச நடை. கிளம்பலாம். கால் கிளம்பவில்லை. தொண்டைவரை வந்து நிற்கிறது, நாலு மாசம் கோகிலா தோசையைக் காட்டிக் காட்டிப் பழக்கிய வார்த்தை. அதைத் தமிழில் சொல்ல நாக்கு மடங்கவில்லை, எப்படியோ வெளியே தள்ளினான்.

“அக்கா… தேங்க்ஸுங்க்கா.”

அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “அதை அங்க போய்ச் சொல்லிக்க. இங்க நீ அந்தத் தகரத்தை முடிச்சுட்டுப் போ. தாராபுரத்துக்காரர் வர்றதுக்கு இன்னும் பத்து நிமிசம் இருக்குது, ஒரு கண்ணு அசந்துக்கறேன்.” உள்ளே போய் மேசை மேல் தலையைச் சாய்த்தாள். இந்தத் தடவை கதவைச் சாத்தவில்லை.

அவன் கவரைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு பின்சக்கரத்துப் பக்கம் போனான். உள்ளே இரும்புக் கட்டையைக் கொடுத்தான். புடைப்பு இன்னும் கொஞ்சம் இருந்தது. ஒரு அடி, பக்கத்தில் ஒரு அடி, கொஞ்சம் விட்டு ரெண்டு. நாலே அடியில் தகரம் சரியாகிவிட்டது. நாலு மணிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது, அவன் நிறுத்தவில்லை. அந்தக் கோடியில் யாரோ கோணிச் சாக்கிலிருந்து சுத்தியலை எடுத்தான், அதற்குப் பக்கத்தில் இன்னொருத்தன். மூன்று மணிக்குத் தாராபுரத்து வேன் வாசலில் வந்து ஹாரன் அடித்தபோது பதினாலு சுத்தியலும் ஓடிக்கொண்டிருந்தது. ஜமால் பாய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, ரெண்டு கையையும் கன்னத்துக்குக் கீழே வைத்துக் காட்டினார். அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள்.